மகள் ஏன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள்?

கேள்வி: நாங்கள் வேறு நாட்டில் குடியேறி 16 வருடம் ஆகிறது. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். போன மாதம் பள்ளியில் விளையாட்டு நேரத்தில் எல்லாரையும் கைகோத்து நிற்கச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த பெண், "உன் கை அழுக்கா இருக்கு, தொடாதே" என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து இவள் குளியலறையில் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கையைத் தேய்க்கிறாள். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் முழுக்கைச் சட்டைதான் வேண்டும் என்கிறாள். கணவர், "சின்னப் பிள்ளைங்க பேச்சு, பெரிசாக்காதே. நல்லாப் படிச்சு முன்னுக்கு வந்தா எல்லார் வாயும் அடைஞ்சிடும்" என்கிறார். எங்களோடு இருக்கும் மாமியார், "அவங்களை நம்பாதீங்க, நம்ம ஆளுங்களோட மட்டும் பழகுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். இதற்கிடையில், மகனிடம் சில பையன்கள் "உங்க நாட்டுக்கே போ" என்று பல தடவை சொல்லியிருப்பதே மகள் மூலம்தான் எனக்குத் தெரிந்தது. அவன் எங்களிடம் சொல்லவே இல்லை. 9 வயதுப் பெண்ணிடம் இனவெறியைப் பற்றிப் பேசலாமா? இல்லாத பயத்தை நானே விதைத்துவிடுவேனோ? பள்ளிக்குப் போய்க் கேட்கலாமா? அந்த முழுக்கைச் சட்டையைப் போடக்கூடாது என்று சொல்லிவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, "அவன் எங்களிடம் சொல்லவே இல்லை" என்பதுதான். மகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். அது இயல்பு, ஏனென்றால் அவளுடைய வலி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரே வீட்டில் ஒரு பிள்ளை சோப்பை எடுத்திருக்கிறாள், இன்னொரு பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கிறான். இருவரும் புரிந்துவைத்திருப்பது ஒன்றுதான்: இது நம் வீட்டில் பேசுகிற விஷயம் இல்லை. முதலில் அதை மாற்ற வேண்டும். என்ன பேசுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பயத்தை விதைத்துவிடுவேனோ என்று கேட்கிறீர்கள். பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. அன்று நடந்ததற்கு உங்கள் மகள் தனக்குத் தானே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டாள்: "தப்பு என் கையில்தான் இருக்கு." அதனால்தான் தேய்க்கிறாள். நீங்கள் பேசாமல் இருந்தால் அந்தக் காரணம்தான் அவளுக்குள் தங்கும். நீங்கள் பேசப்போவது புதிதாக ஒரு பாரத்தை ஏற்றுவதற்கு அல்ல. அவள் தவறாக எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதை இறக்குவதற்கு.

வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு எல்லா நிறத்து முகமும் ஒன்றுதான். 3 மாதம் ஆனதும், தன்னைச் சுற்றி அதிகம் பார்க்கிற சாயலுள்ள முகங்களையே அதிக நேரம் பார்க்கத் தொடங்குகிறது. இதில் வெறுப்பு எதுவும் இல்லை, வெறும் பழக்கம்தான். பள்ளிக்குப் போகும் முன்பே நிற வேற்றுமை அவர்கள் கண்ணில் பட்டுவிடும். 6 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையில்தான் பெரிய மாற்றம் நடக்கிறது. "எங்க ஆளுங்களைப் பத்தி மத்தவங்க இப்படி நினைக்கிறாங்க" என்று ஊகிக்கும் திறன் அந்த வயதில் வேகமாக வளர்கிறது. அதுவும், ஒதுக்கப்படுகிற சமூகத்துப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே அது வந்துவிடுகிறது. ஆகவே 9 வயது சின்ன வயது இல்லை. இதைப் பேசச் சரியான வயது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு 8 வயது இருக்கும்போது, வகுப்பில் அவள் பெயரைச் சொல்ல வராமல் ஆசிரியர் ஒரு சின்னப் பெயராக வெட்டி வைத்துவிட்டார். மற்ற பிள்ளைகள் அதையும் கோணலாக்கிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவள் வந்து சொன்னாள். நான், "கண்டுக்காதேம்மா, தானா சரியாயிடும்" என்றேன். அப்போதே நான் ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலில்தான் இருந்தேன். அன்பாகத்தான் சொன்னேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். 19 வயதில் ஒருநாள் சொன்னாள்: "கண்டுக்காதேன்னு நீ சொன்னப்போ, எனக்கு வலிச்சா அது என் தப்புன்னுதான் எனக்குக் கேட்டுச்சும்மா." உங்கள் கணவர் சொல்வதும் அன்பில் வருவதுதான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் பிள்ளையின் காதில் எப்படிப் போய் விழுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மகளிடம் எப்படித் தொடங்குவது? எதிரே உட்காரவைத்து, "உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்" என்று ஆரம்பிக்காதீர்கள். தலை வாரிவிடும்போது, நடந்து போகும்போது, படுக்கப்போகும் முன் விளக்கை அணைத்துவிட்டு, இப்படி முகத்துக்கு நேரே முகம் இல்லாத நேரமாகப் பாருங்கள். "அன்னிக்கு அந்தப் பொண்ணு சொன்னதை நான் நினைச்சுட்டே இருக்கேன். உனக்கு அது எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டம். அவள் ஒரு வரி சொல்வதற்குள் நாம் பத்து வரி ஆறுதல் சொல்லிவிடுவோம். அழுதால் அழட்டும். "தெரியலை" என்றால், "சரி, தோணும்போது சொல்லு" என்று விட்டுவிடுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டிய பேச்சு இல்லை இது.

கேட்டு முடித்த பிறகு அவளுக்கு உங்களிடமிருந்து தெளிவாக ஒரு விஷயம் போய்ச் சேர வேண்டும். "அவ சொன்னது தப்பு. உன் கையில எந்தத் தப்பும் இல்லை. தோல் நிறத்தை வெச்சு ஒருத்தரை மட்டமா நினைக்கிறது உலகத்துல ரொம்ப நாளா இருக்கிற ஒரு கெட்ட பழக்கம். அதுக்கு இனவெறின்னு பேரு. அந்தப் பொண்ணு அதை எங்கேயோ கேட்டிருக்கா. நீ என்கிட்ட சொன்னது நல்லது." இவ்வளவு போதும். பெயர் தெரியாத வலிக்குப் பெயர் வைத்துவிட்டாலே, அது தன்னுடைய குறை இல்லை, வெளியிலிருந்து வந்த ஒன்று என்று பிள்ளைக்குப் பிடிபடும். அந்தப் பெண்ணை ராட்சசியாக்க வேண்டியதில்லை. அவளும் 9 வயதுப் பிள்ளைதான். செய்தது தப்பு என்பதில் மட்டும் குழப்பம் இருக்கக்கூடாது.

சொல்லக்கூடாத ஆறுதல் ஒன்று இருக்கிறது. "நீ ஒண்ணும் அவ்வளவு கறுப்பு இல்லையே" என்பது. இதைச் சொல்லாத வீடுகள் குறைவு. பிள்ளைக்கு அதில் என்ன கேட்கும்? கறுப்பாக இருப்பது குறைதான், நல்லவேளை நீ தப்பித்தாய் என்றுதான் கேட்கும். இதை ஒட்டி இன்னொன்றும் மனதாரக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில், போனில், உறவினர் கூடும் இடங்களில் நிறத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள்? "வெயில்ல போகாதே, கறுத்துடுவே." "பொண்ணு நல்ல கலரு." "பாப்பா கொஞ்சம் மாநிறம், ஆனா முகம் களையா இருக்கு." அந்த "ஆனா"வைப் பிள்ளை கவனிக்காமல் விடாது. பள்ளியில் அந்தப் பெண் சொன்ன சொல் உங்கள் மகளுக்குள் இவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்றால், அது விழுவதற்கு அங்கே ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்திருக்கலாம். நம் வீட்டுப் பேச்சு தோண்டிய பள்ளம். மற்ற இனத்து மக்களைப் பற்றி, மற்ற சாதிக்காரர்களைப் பற்றி வீட்டில் நாம் இளக்காரமாகப் பேசுவதும் இதோடு சேர்ந்ததுதான். பிறப்பை வைத்து ஆளை அளக்கலாம் என்று வீட்டில் கற்றுக்கொண்ட பிள்ளை, வெளியில் தன்னை அப்படி அளக்கும்போது எதைச் சொல்லி எதிர்க்கும்?

நிறம் பற்றிய எண்ணம் பிள்ளைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி அமெரிக்காவில் 1940-களில் 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மை, பழுப்புப் பொம்மை இரண்டையும் காட்டிக் கேட்டார்கள். நல்ல பொம்மை எது என்றதற்குப் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு எதிரானது என்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. உங்கள் மகளின் சோப்பைப் படித்ததும் எனக்கு அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

சரி, உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு குரல்களுக்கு, மாமியார் சொல்வதற்கும் கணவர் சொல்வதற்கும், வருகிறேன். இனப் பாகுபாட்டைப் பற்றிக் குடும்பங்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகின்றன என்பது குறித்த ஆய்வுகளை டயான் ஹியூஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006-ல் தொகுத்தார்கள். அவர்கள் கண்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படி: சில பெற்றோர் தங்கள் மொழியையும் வரலாற்றையும் சொல்லிப் பெருமிதத்தை வளர்க்கிறார்கள். சிலர், "இப்படியும் நடக்கும், நடந்தா இப்படிச் சமாளிக்கலாம்" என்று தயார்ப்படுத்துகிறார்கள். சிலர், "அவங்களை நம்பாதே" என்று எச்சரிக்கிறார்கள். இன்னும் சிலர், "எல்லாரும் சமம், நல்லா உழைச்சாப் போதும்" என்று சொல்வார்கள், அல்லது இனத்தைப் பற்றி எதுவுமே பேசமாட்டார்கள். மாமியார் பேசுவது எச்சரிக்கை. கணவர் பேசுவது உழைப்பு. முதல் இரண்டும்தான் உங்கள் வீட்டில் குறைவாக இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

தயார்ப்படுத்துவதும் எச்சரிப்பதும் பார்க்க ஒன்று போலத் தெரியும். ஒன்றல்ல. "சிலர் உன்னை மட்டமா நடத்தலாம், அப்போ என்ன செய்யணும்னு சேர்ந்து யோசிப்போம்" என்று சொன்னால் பிள்ளை கையில் ஒரு வழி இருக்கிறது. "யாரையும் நம்பாதே" என்று சொன்னால் பயம் மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு அந்தப் பள்ளியில் அவளுக்காகப் பேசப்போகிற தோழியும் அந்த இனத்துப் பெண்ணாகத்தான் இருப்பாள். அவளையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிட்டால் உங்கள் மகள் இன்னும் தனியாகிவிடுவாள். தயார்ப்படுத்துவதையும் தனியாகச் செய்யாதீர்கள். ஆபத்தைப் பற்றி மட்டும் கேட்டு வளரும் பிள்ளை எல்லா முகத்திலும் ஆபத்தைத் தேடும். பெருமிதத்தோடு சேர்த்துக் கொடுத்தால்தான் அது பலமாகிறது.

மாமியாரைத் திருத்தப் போகாதீர்கள். அவர் பயம் எங்கிருந்தோ வந்திருக்கிறது, சும்மா வந்திருக்காது. அவரிடம் வேறொரு பொறுப்பைக் கொடுங்கள். "அத்தை, நம்ம குடும்பம் எங்கெல்லாம் இருந்துச்சு, என்னென்ன கஷ்டத்தைத் தாண்டி வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். யார் யார் எதிர்த்து நின்றார்கள், யார் அந்நியராக இருந்தும் கை கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். தன் பெயருக்கு என்ன பொருள், யார் வைத்தார்கள் என்று தெரிந்த பிள்ளை, அதை யாராவது கோணலாகச் சொல்லும்போது திருத்திச் சொல்லத் தயங்காது. எந்த உபதேசமும் செய்யாத வேலையைப் பாட்டியின் வாயால் வரும் கதை செய்யும்.

கணவரிடம் பேசுவதுதான் கொஞ்சம் கடினம். வாதாடாதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, "உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் நடந்திருக்கும். வேலையிடத்தில், சாலையில், ஏதோ ஓர் அலுவலகத்து வரிசையில். அதையெல்லாம் விழுங்கிக்கொண்டுதான் 16 வருடம் குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறார். விழுங்கியதுதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவர் நம்புகிறார். அதை மதியுங்கள். ஆனால் பிள்ளைகளின் நிலைமை வேறு. அவர் இந்த நாட்டுக்கு வந்தவர், அவர்கள் இங்கே பிறந்தவர்கள். "உங்க நாட்டுக்கே போ" என்றால் அவருக்கு நினைத்துப் பார்க்க ஒரு நாடு இருக்கிறது. பையனுக்கு எது அந்த நாடு? அந்தச் சொல் அவன் காலடி நிலத்தையே உருவுகிறது. அப்புறம், படிப்பைப் பற்றி. நன்றாகப் படிக்கட்டும், அதில் எந்த மறுப்பும் இல்லை. ஆனால் பாகுபாட்டுக்கு ஆளாகும் வளரிளம் பிள்ளைகளிடம் மனச்சோர்வு அதிகமாகவும் படிப்பில் ஈடுபாடு குறைவாகவும் இருப்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். படிப்பு இந்தக் காயத்துக்கு மருந்து என்று நினைத்துக் காத்திருந்தால், காயம் படிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம்.

தனக்கு நடந்த ஒன்றையாவது அப்பா மகனிடம் சொன்னால் போதும். "எனக்கும் ஒருத்தன் இப்படிச் சொன்னான்டா. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை." 14 வயதுப் பையனுக்கு அம்மாவின் நூறு கேள்விகளைவிட இது பெரிது. அவன் ஏன் சொல்லவில்லை என்று விசாரிக்காதீர்கள். உங்கள் மனம் நோகக்கூடாது என்று மறைத்திருக்கலாம். குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் பெற்றோரைக் காப்பாற்றுவதைத் தங்கள் கடமையாக எடுத்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கைதான் சொன்னாள் என்பதை மறைக்கவும் வேண்டாம், அவளைக் கோபிக்க இடம் கொடுக்கவும் வேண்டாம். "எனக்குத் தெரியும்டா. நீ எப்போ வேணும்னாலும் சொல்லலாம், நாங்க தாங்கிப்போம்" என்று சொல்லிவிடுங்கள்.

அவனுக்கு நடப்பதில் பாதி நேரடியான வசையாக இருக்காது. "நீ நிஜமா எந்த ஊரு?", "பரவாயில்லையே, எங்க மொழியை நல்லாப் பேசறியே" என்று சிரித்துக்கொண்டே கேட்பவையாக இருக்கும். இவற்றுக்கு மைக்ரோஅக்ரெஷன் என்று 1970 வாக்கில் பெயர் வைத்தவர் செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர். ஒவ்வொன்றும் சின்னதுதான். கொசுக்கடி போல. தினமும் ஒரே இடத்தில் கடித்தால் சின்னது என்று சொல்ல முடியாது. இதை அவனிடம் சொல்லுங்கள், தான் தேவையில்லாமல் அலட்டிக்கொள்கிறோமோ என்ற சந்தேகமாவது அவனை விட்டுப் போகும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹவர்ட் ஸ்டீவன்சன் என்ற உளவியலாளர் கற்றுக்கொடுக்கும் ஒரு முறையை நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 1 முதல் 10 வரை இப்போது எனக்குள் கோபமோ பயமோ எவ்வளவு? உடம்பில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா, வயிற்றிலா, கையிலா? எனக்குள் நான் என்ன சொல்லிக்கொள்கிறேன்? அப்புறம் மூச்சை இழுத்து, மெல்ல விடுவது. சில நொடி வேலைதான். ஆனால் உறைந்து போகாமல் இருக்கவும், கை ஓங்காமல் இருக்கவும் அந்தச் சில நொடி போதும். இதை வீட்டில் நடித்துப் பழகுங்கள். நீங்கள் அந்தப் பையனாக இருங்கள், அவன் பதில் சொல்லட்டும். "இதுதான் என் நாடு." "ஏன் அப்படிச் சொல்றே?" "அப்படிப் பேசாதே, எனக்குப் பிடிக்கலை." எதுவும் சொல்லாமல் நகர்ந்து வந்து பெரியவர் ஒருவரிடம் சொல்வதும் ஒரு பதில்தான். அவர்கள் கூட்டமாக இருந்தால், அடிக்கிற அளவுக்குப் போனால், அந்த இடத்தை விட்டு வருவதுதான் சரி. அதைக் கோழைத்தனம் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். மகளுக்கு இன்னும் சுருக்கமாக ஒன்று: "என் கை சுத்தமாத்தான் இருக்கு. அப்படிச் சொல்லாதே." கண்ணாடி முன் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

பள்ளிக்குப் போகலாமா என்றால், போக வேண்டும். எப்படித் தாங்குவது என்பதை மட்டும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து, நடந்ததைப் பெரியவர்கள் யாரும் கேட்காமல் விட்டால், "தாங்குவது உன் வேலை" என்று சொன்னதாகிவிடும். போவதற்கு முன் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்களுக்குத் தெரியாமல் போனால் அடுத்த தடவை சொல்லமாட்டார்கள். என்ன தேதி, எங்கே, யார் என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கேலி என்றோ கிண்டல் என்றோ பூசி எழுதாதீர்கள். "என்ன செய்யப்போகிறீர்கள், எப்போதுக்குள்?" என்று கேட்டு, பேசி முடித்ததை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைப்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம், அதில் உங்கள் மகள்தான் மறுபடி கூனிக்குறுகுவாள். சலுகை கேட்டுப் போகிறோம் என்ற கூச்சமும் வேண்டாம். 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 2-வது பிரிவு எந்தக் குழந்தையும் பாகுபாட்டுக்கு ஆளாகக் கூடாது என்கிறது. குழந்தையின் சொந்தப் பண்பாட்டையும் மொழியையும் மதிப்பது கல்வியின் நோக்கங்களில் ஒன்று என்கிறது 29-வது பிரிவு. அமெரிக்காவைத் தவிர ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதை ஏற்று உறுதி செய்திருக்கின்றன.

இருவரையும் சில வாரங்கள் கவனித்துப் பாருங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு விலகுவது, பிடித்த விளையாட்டிலும் நாட்டம் இல்லாமல் போவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். முடிந்தால், குடியேறிய குடும்பங்களோடு வேலை செய்து பழகியவராகப் பாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, வாழப் பிடிக்கவில்லை என்று சொல்வது, இதில் எது தெரிந்தாலும் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாகக் கேட்ட முழுக்கைச் சட்டை. போடட்டும். பிடுங்காதீர்கள், "இதுல என்ன வெட்கம்" என்று பேசவும் வேண்டாம். வெளியில் போக அவளுக்கு இப்போது அது தேவைப்படுகிறது. மெல்லிய துணியில், காற்றுப் போகிற மாதிரி இரண்டு வாங்கிக் கொடுங்கள். சோப்பு விஷயம் அப்படி இல்லை. இன்று ராத்திரியே அவள் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். தோல் சிவந்தோ உரிந்தோ இருந்தால் மருந்து போட்டுவிடுங்கள், அப்போதே பேச்சையும் தொடங்கலாம். தினமும் தேய்ப்பது நிற்கவில்லை என்றால் நான் மேலே சொன்ன இரண்டு வாரத்துக்குக் காத்திருக்காமல் ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். மகனோடு பேசியது எப்படிப் போனது என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.